கோழிக் குஞ்சும் உறங்குதடியும்

பொழுது மேற்கே சாயும் வேளையில் நம் ஊர் வளவுகளிலே ஒரு சிறு நிகழ்ச்சி நாள்தோறும் நடைபெறுகின்றது. பகல் முழுவதும் வேலியோரத்தையும் குப்பைமேட்டையும் கிளறித் திரிந்த ஊர்க்கோழிகள், யாரும் ஏவாமலே, கிணற்றடி முருங்கையையோ வேலிப் பூவரசையோ நாடி வருகின்றன. அண்ணாந்து பார்த்துக் கழுத்தை நீட்டிக் கிளையின் தூரத்தை அளவிடுகின்றன. பின்பு ஒன்றன்பின் ஒன்றாகத் தாவி ஏறி, இறகைக் கோதி, இடம்பிடித்து அமர்ந்து அடங்கிவிடுகின்றன. பறவை துயிலுமிடத்தைப் பழந்தமிழர் சேக்கை என்றனர். ஊர்க்கோழிக்குச் சேக்கை மரக்கிளையே.

இதே வளவிலே, பொரிப்பகத்திலிருந்து வாங்கிய முப்பது குஞ்சுகளை வைத்து வளர்ப்போமாயின், நாம் காணும் காட்சி வேறு. இரண்டு மாதம் நிறைந்து, சிறகு முற்றி, விடைக்கோழிகளாகிய பின்னரும் அவை கூட்டின் ஒரு மூலையிலே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நிலத்திலே கிடக்கும். மேலே அழகாகப் பொருத்திய தடி வெறுமையாயிருக்கும். முட்டையிடுவதற்கென வைத்த பெட்டியினுள்ளே சில நுழைந்து உறங்கி, அதனை எச்சத்தால் நிரப்பிவிடும். வளர்ப்போர் இவற்றை அறிவற்ற பிராணிகள் என்று நொந்துகொள்வர்.

ஓரின உயிர்களிடத்தே இவ்வேறுபாடு தோன்றியது எதனால்? பிறப்பின் குறையா, பழக்கத்தின் குறையா? இவ்வினாவை ஆராய்வதும், ஆராய்ந்து கண்ட உண்மையைக் கூட்டிலே பயன்படுத்தும் வகையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். கோழி இரவில் ஏறியமர்ந்து உறங்கும் தடியை இங்கு உறங்குதடி என வழங்குவோம்.

காட்டுக் கோழியின் மரபு

நம் வீட்டுக் கோழியின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக் கோழியினத்தவர். சாள்ஸ் டாவின் 1868 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இக்கருத்தை நிலைநாட்டினார். 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் ஒரு கிளையினமே வீட்டுக் கோழிக்கு மிக நெருங்கிய உறவென்று காட்டிற்று. இலங்கைக்கே உரியதும் நம் நாட்டின் தேசியப் பறவையுமாகிய இலங்கைக் காட்டுக் கோழி அவ்வினத்துக்கு உறவுடைய வேறோரினம். இவ்விரண்டும் பகலெல்லாம் நிலத்திலே இரைதேடினும் இரவில் மரமேறியே துயில்கின்றன.

காரணம் வெளிப்படையானது. கோழியின் கண் பகலுக்கென அமைந்த கண். நிறங்களை நுணுக்கமாகப் பகுத்தறியும் கலங்கள் அதில் மிகுதி. மங்கலொளியிற் பார்க்க உதவும் கலங்களோ ஒப்பளவிற் குறைவு. ஆதலின் இருள் சூழ்ந்ததும் அது ஏறத்தாழக் குருடாகிவிடுகின்றது. நரியும் காட்டுப்பூனையும் மரநாயும் உலாவும் காட்டிலே, கண் தெரியாத பறவை நிலத்திற் கிடந்தால் விடியலைக் காணாது. மரநாய் மரமேறவும் வல்லதே. எனினும் நிலத்திலே வரும் ஆபத்துக்கள் பலவற்றினின்றும் உயரம் காக்கின்றது.

மனிதன் கோழியை வளர்க்கத் தொடங்கிப் பல்லாயிரம் தலைமுறைகள் கழிந்தும் இவ்வுணர்வு மறையவில்லை. 2002 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, உறங்குதடிக்குச் செல்லும் வழியிற் பாரமேற்றிய கதவொன்றை அமைத்தனர். கோழிகள் அந்திவேளையில் அக்கதவைத் தள்ளித் திறந்தே தடியை அடைந்தன. 2009 இல் ஜேர்மனி நாட்டு ஆய்வாளர் தாழ்வில் ஒரு தடியையும் உயரத்தில் ஒரு கம்பித்தளத்தையும் வைத்துப் பார்த்தனர். கோழிகள் பற்றுதற்கு வசதியான தடியை விடுத்து உயரத்தையே நாடின. எனவே ஏறித் துயிலும் வேட்கை பிறப்பிலேயே அமைந்ததென்பது தெளிவு.

பாதத்தின் அமைப்பு

கோழியின் காலிலே பின்புறமாக மடியும் மூட்டினைப் பலர் முழங்காலென எண்ணுவர். அது உண்மையிற் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கின்றது. காலின் தசைகளிலிருந்து புறப்படும் நாண்கள் கணுக்காலின் பின்புறமாக இறங்கி விரல்களின் கீழ்ப்புறத்தை அடைகின்றன. கால் மடியும்போது நாண்கள் இழுபட, விரல்கள் உள்நோக்கி வளைகின்றன. ஒரு கோழியை மெல்லத் தூக்கி அதன் காலை மடித்துப் பார்க்கும் மாணவன் இதனைத் தன் கண்ணாலேயே காணலாம்.

இதனைக்கொண்டு, உறங்கும் பறவையின் விரல்கள் தாமாகவே தடியைப் பூட்டிக்கொள்கின்றன என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. ஆனால் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியப் பறவையைக் கொண்டு செய்து 2012 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானதைக் காட்டிற்று. அப்பறவை உறங்கும்போது கால்கள் அவ்வளவாக மடிவதில்லை. விரல்களும் தாமாக இறுகுவதில்லை. உடலின் நிறையைக் கால்மேற் சரியாக நிறுத்தும் சமநிலையே அதனைத் தாங்குகின்றது.

கோழியையும் இவ்வாறே கருதுவோமாயின் ஒன்று புலனாகும். உறுப்பு அமைந்திருப்பது மாத்திரம் போதாது. அதனைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். தூரத்தை அளவிடுதல், தாவுதல், தடியிற் பாதம் பதித்தல், ஆடாது நிற்றல், மறுநாட் காலை இடறாமல் இறங்குதல் என்பன ஒவ்வொன்றும் தனித்தனித் திறன்கள். இவற்றை எப்பொழுது, எவரிடம் குஞ்சு கற்கின்றது?

தாய் கற்பிக்கும் பாடம்

அடைகிடந்து குஞ்சு பொரித்த பேடு முதற் சில கிழமைகளுக்கு மரமேறுவதில்லை. மறைவான ஓரிடத்தில் நிலத்திலே அமர்ந்து, குஞ்சுகளைச் சிறகின்கீழ் அணைத்துச் சூடு கொடுக்கின்றது. இக்காலத்திலே குஞ்சுகள் பகல்வேளையில் சும்மா இருப்பதில்லை. பிறந்து இரண்டு கிழமைக்குள்ளாகவே கல்லிலும் கட்டையிலும் தாயின் முதுகிலும் ஏறிக் குதிக்கத் தொடங்குகின்றன. பார்ப்போர்க்கு அது விளையாட்டு. குஞ்சுக்கு அதுவே அரிச்சுவடி.

குஞ்சுகளின் சிறகு வளர்ந்து உடற்சூட்டைத் தாமே காக்கும் பருவம் வந்ததும், தாய் ஓர் அந்தியில் தாழ்ந்த கிளையொன்றில் ஏறி நின்று அழைக்கின்றது. துணிவுடைய குஞ்சொன்று முதலிற் பாயும். மற்றவை கீழே நின்று கத்தி, ஓடி, முயன்று, விழுந்து, ஈற்றில் ஏறிவிடும். ஏறியவை தாயின் இருமருங்கிலும் ஒட்டி அமரும். சில நாளில் அழைப்பே வேண்டாமற் போகும்.

பொரிப்பகத்துக் குஞ்சுக்கு இத்தாய் இல்லை. அது மின்விளக்கின் சூட்டிலே, சமதரையிலே, உமியின்மேல் வளர்கின்றது. ஏறுதற்கு ஒரு செங்கல்லேனும் அதன் உலகில் இல்லை. சூட்டை வேண்டி உடன்பிறப்புக்களோடு குவிந்து கிடப்பது ஒன்றே அது கற்ற பாடம். விளக்கை அகற்றிய பின்னரும் அது அப்பாடத்தையே ஒப்புவிக்கின்றது.

பரிசோதனை காட்டிய உண்மை

சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையொன்று இங்கு நுணுகி நோக்கத்தக்கது. அவர்கள் 120 குஞ்சுகளை இரு கூட்டங்களாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்துக்கு முதல்நாள் தொட்டே தடி கொடுக்கப்பட்டது. மற்றதற்கு எட்டாவது கிழமையிலேதான் கொடுக்கப்பட்டது. பதினைந்தாவது கிழமையாகும்போது இரு கூட்டத்துக் கோழிகளும் இரவிலே தடியில் உறங்கின. இவ்வளவில் ஆய்வை நிறுத்தியிருந்தால் தாமதத்தினால் யாதொரு கேடுமில்லை என்றே எவரும் முடிவு செய்திருப்பர்.

ஆனால் பதினாறாவது கிழமையில் இரு கூட்டத்திலிருந்தும் சில கோழிகளைத் தெரிந்து, உணவை உயரத்தில் வைத்துச் சோதித்தனர். உணவு 40 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தபோது இரு சாராரிடையும் வேறுபாடு காணப்படவில்லை. உயரத்தை 80 சென்ரிமீற்றராகவும் 160 சென்ரிமீற்றராகவும் கூட்டி, படிப்படியாக ஏறவேண்டிய நிலையை உண்டாக்கியபோது வேறுபாடு வெளிப்பட்டது. தொடக்கத்திலே தடி கண்டவை விரைவில் வழிகண்டு உணவை அடைந்தன. தாமதித்துத் தடி கண்டவை கூடிய நேரம் எடுத்தன. 40 சென்ரிமீற்றர் உயரத்தை இரு சாராரும் ஒருபடியே எட்டினமையால், உடல்வலிமைக் குறைவு மாத்திரம் இதற்குக் காரணமாகாதெனவும், இடத்தை மனத்தில் அளவிட்டு வழிகாணும் அறிவே குன்றியிருக்க வேண்டுமெனவும் ஆய்வாளர் கருதினர்.

அதே ஆய்வாளர் சிலர் 1999 இல் முட்டைக் கோழி மந்தைகள் பலவற்றை ஆராய்ந்து மற்றொன்றும் கண்டனர். நான்காவது கிழமைக்குள் தடி கிடைத்த மந்தைகளிலே நிலத்தில் முட்டையிடும் வழக்கமும், ஒன்றன் பின்புறத்தை ஒன்று கொத்திப் புண்ணாக்கும் கொடிய வழக்கமும் குறைந்திருந்தன. உயர ஏறத் தெரிந்த கோழிக்கு முட்டைப்பெட்டிக்குச் செல்லும் வழி தெரிகின்றது. கொத்தவரும் கோழியினின்றும் தப்ப ஓரிடமும் கிடைக்கின்றது.

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ஏறும் வேட்கை பிறப்பிற் கிடைப்பது. ஏறும் ஆற்றல் உரிய பருவத்திற் கிடைக்கும் வாய்ப்பினால் வளர்வது. குறை குஞ்சினதன்று. வாய்ப்பைத் தராத நம்முடையது.

தடி அமைக்கும் முறை

தடி ஏறத்தாழ இரண்டங்குல அகலம் உடையதாய், மேல்விளிம்பு மழுக்கப்பட்டதாய் இருத்தல் நன்று. கோழி தன் நெஞ்செலும்பைத் தடிமேற் சாய்த்து, விரல்களை இறகினால் மூடி உறங்கும் இயல்பினது. ஆதலின் கயிறுபோல் மெலிந்த கொடியோ கூரிய விளிம்புடைய சட்டமோ அதற்கு ஆகாது. நம்மூரிலே எளிதிற் கிடைக்கும் பனஞ்சலாகையை அப்படியே பொருத்துவது தவறு. அதன் சிராம்பு பாதத்தில் ஏறி உள்ளங்காற் புண்ணை உண்டாக்கும். நன்றாகச் சீவி அழுத்தமாக்கிய பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும். பட்டையுரித்துக் காயவைத்த பூவரசந்தடி மிகப் பொருத்தமானது. இரும்புக் குழாயும் வழுவழுப்பான மூங்கிலும் பிடிக்கு உதவா.

கோழியொன்றுக்கு எட்டங்குல இடம் விடுக. முப்பது கோழிக்கு 240 அங்குலம், அஃதாவது இருபதடித் தடி வேண்டும். பத்தடித் தடிகள் இரண்டு போதும். தடிக்கும் தடிக்கும் இடையிலும், சுவருக்கும் தடிக்கும் இடையிலும் ஓரடி இடைவெளி இருத்தல் வேண்டும். வளர்ந்த கோழிகளுக்குத் தடிகளை ஒரே உயரத்தில் வைப்பது நன்று. ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருப்பின் எல்லாம் உயர்ந்த தடிக்கே போட்டியிட்டுச் சண்டையிடும்.

மெல்லிய உடலுடைய இனங்களுக்கு இரண்டு முதல் மூன்றடி உயரமும், பாரமான இனங்களுக்கு ஒன்றரையடி உயரமும் போதும். கோழிக்கு ஏறுவதிலும் இறங்குவதே கடினம். செங்குத்தாகக் குதிக்கும் கோழி நெஞ்செலும்பையும் காலையும் முறித்துக்கொள்ளும். ஆகையால் தடி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமேனும் முன்னே வெறுந்தரை இருக்கும்படி செய்க. இயலாவிடத்துச் சாய்வான ஏணியொன்றைச் சார்த்துக. இறைச்சிக்கென வளர்க்கும் மிகு பாரமான கோழிகளைத் தடியேற்ற முயலாமல், அவற்றுக்குச் சிறிதுயர்ந்த பலகைத் தளம் அமைப்பதே நலம்.

முட்டைப்பெட்டி எப்பொழுதும் தடியினும் தாழ்ந்திருத்தல் வேண்டும். உயர்ந்த இடத்தையே கோழி உறங்குதற்குத் தெரியும் என்பதை மேலே கண்டோம். பெட்டி உயர்ந்திருப்பின் பெட்டியே சேக்கையாகிவிடும்.

குஞ்சைப் பழக்கும் முறை

முதற் கிழமையிலே குஞ்சுக்கு வேண்டியது சூடு. குஞ்சின் மட்டத்திலே ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் இருத்தல் வேண்டும். பின்பு கிழமைதோறும் மூன்று பாகையளவிற் குறைக்கலாம்.

ஏழாம் நாள் அளவில் மூன்றங்குல உயரமான கட்டையொன்றையும் மெல்லிய தடியொன்றையும் சூட்டுக்கு அண்மையில் வைக்க. குஞ்சுகள் பகலில் ஏறி விளையாடும். இரவிலே அவை கீழே கிடப்பினும் கவலை வேண்டா. இது எழுத்தறியும் பருவம். நூல் கற்கும் பருவமன்று.

மூன்றாம் நான்காம் கிழமைகளிலே ஒன்றுக்கொன்று சற்றே உயர்ந்த மூன்று தடிகளைச் சாய்வாகப் பொருத்திய சட்டமொன்றை, குஞ்சுகள் வழக்கமாகக் குவியும் பக்கத்திலே வைக்க. கீழே நுழைந்து குவியாதபடி சட்டத்தின் அடிப்புறத்தைக் கம்பிவலையால் மறைக்க. கூட்டின் மூலைகளைத் தகட்டினாலோ மட்டையினாலோ வளைவாக அடைப்பதும் அவசியம். மூலையிற் குவிந்த குஞ்சுகளுள் அடியிலுள்ளவை மூச்சுத்திணறி இறப்பது கோழி வளர்ப்போர் பலரும் அறிந்த துயரம்.

சூட்டை அகற்றும் ஐந்தாம் ஆறாம் கிழமைகளே முக்கியமானவை. அந்தியிலே ஒளி மங்கி, குஞ்சுகள் அடங்கிய சமயம், கூட்டினுள் மெல்லச் சென்று இரண்டு மூன்று குஞ்சுகளை எடுத்துத் தடியில் நிறுத்துக. பாதம் தடியைப் பற்றும்வரை கையை எடுத்துவிடாது தாங்கி நிற்க. இருளில் அவற்றுக்குக் கீழே இறங்கும் வழி தெரியாது. ஆதலின் அங்கேயே உறங்கும். மறுநாள் இன்னும் சிலவற்றை ஏற்றுக. பெரும்பாலும் ஒருகிழமை அல்லது பத்து நாளுக்குள் மிகுதியானவை முன்னவற்றைப் பார்த்துத் தாமே ஏறிவிடும். கலைத்தும் தடியால் அடித்தும் ஏற்ற முயலுதல் கூடாது. அச்சத்தோடு இணைந்த இடத்தை எவ்வுயிரும் நாடாது.

கூட்டில் மின்விளக்கு உண்டாயின் அதனைத் திடீரென அணைத்தல் பெருந்தவறு. நிலத்தில் நின்ற குஞ்சு நின்றபடியே குருடாகிவிடும். இயற்கை அந்தியைப் போல ஒளி படிப்படியாகக் குறையவேண்டும். சாளரத்தின் வழியே மாலையொளி தடியின்மேல் விழும்படி கூட்டை அமைப்பது சாலச் சிறந்தது. முட்டையிடத் தொடங்கும்வரை முட்டைப்பெட்டிகளை மாலையில் அடைத்து வைக்க. நோயற்ற முதிர்ந்த பேடொன்று கிடைக்குமாயின் விடைக்கோழிகளோடு சேர்த்துவிடலாம். தாயின் இடத்தை அது ஓரளவு நிரப்பும்.

தடியின் தூய்மை

பழகிய கோழிகள் திடீரெனத் தடியை வெறுத்து நிலத்திற்கு இறங்கினால், குற்றத்தைக் கோழியிற் காணாது தடியிற் காண்க. பகலில் தடியின் வெடிப்புக்களிலும் பொருத்துக்களிலும் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் செஞ்சிற்றுண்ணிகளும் கோழியுண்ணிகளும் அங்கே குடிகொண்டிருக்கக் கூடும். இரவு விளக்கோடு சென்று தடியின் அடிப்புறத்தைப் பார்த்தால் உண்மை வெளியாகும். இதற்காகவே தடியை ஆணியால் அறையாமல், கழற்றியெடுக்கத் தக்கதாக வெட்டுவாயிற் படிய வைத்தல் வேண்டும். காலத்துக்குக் காலம் கழற்றிக் கழுவி, கடும் வெயிலிற் காயவைத்து, வெடிப்புக்களைச் சுண்ணாம்பினால் அடைத்துவிடுக.

ஒன்றிரண்டு மாத்திரம் இறங்கி இறகைச் சிலிர்த்து நிற்குமாயின் அவை நோயுற்றவை என்று கொண்டு பிரித்துவைக்க. இரவு தோறும் தடியில் உள்ளவற்றை எண்ணுவது எளிது. மூலையிற் குவிந்தவற்றை எண்ணவும் இயலாது, நோயை அறியவும் இயலாது. மேலும் நிலத்தில் உறங்கும் கோழி ஈரமான எச்சத்தின்மேல் நெஞ்சை வைத்துக் கிடக்கின்றது. அமோனியாவின் நெடியையே இரவெல்லாம் சுவாசிக்கின்றது. குருதிக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துக்கள் அவ்வீரத்திலும் சூட்டிலுமே முதிர்கின்றன. மாரிகாலத்தில் இவ்வபாயம் இருமடங்காகும்.

இப்பாடத்தின் பயன்

இவையெல்லாம் சிறு செய்திகள் என்று ஒதுக்கத்தக்கனவல்ல. 2009 ஆம் ஆண்டின் பின் வடபகுதியிலே மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக் குஞ்சுகள் வழங்கப்பட்டன. கணவனை இழந்த தாய்மார் பலர் முட்டை விற்றுப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினர். அத்தகைய வீட்டிலே ஓரிரவிற் கீரியோ மரநாயோ புகுந்து, நிலத்திற் குவிந்துகிடக்கும் பத்து விடைக்கோழிகளைக் கொன்றுவிடுமாயின், அது ஒரு பிள்ளையின் ஒரு தவணைக் கல்வியைக் கொன்றதாகும். குஞ்சைக் கொடுப்போர் இரண்டு தடியையும் கொடுத்து, அதனை வைக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது. கூட்டுக் கதவின் இறுக்கத்தைத் தடி ஈடுசெய்யாது என்பதையும் மறத்தலாகாது. காவலும் பழக்கமும் ஒருங்கே வேண்டும்.

விழாக் காணும் இக்கல்லூரியின் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வளவிலே பத்துக் குஞ்சு வளர்வதாயின், ஏழாம் நாளிலே ஒரு தடியை வையுங்கள். எந்த நாளில் எத்தனை குஞ்சு ஏறிற்று என்று கொப்பியிற் குறித்து வாருங்கள். இரண்டு மாத முடிவிலே உங்கள் கையில் இருப்பது ஒரு விஞ்ஞான ஆராய்ச்சி. உங்கள் கூட்டில் இருப்பவை அச்சமின்றி உறங்கும் கோழிகள்.

ஆசிரியர்க்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. பிந்தித் தடி கண்ட குஞ்சுகளும் தாழ்ந்த படியிலே மற்றவற்றுக்குச் சமமாகவே நின்றன. படி உயர்ந்தபோதுதான் பின்தங்கின. கீழ்வகுப்பிலே வேறுபாடு தெரியாத பிள்ளை மேல்வகுப்பிலே தடுமாறுவானாயின், அவனுக்கு உரிய காலத்திலே தடி கிடைத்ததா என்று முதலில் வினாவுதல் நம் கடன்.